ஆக்ஸில் சீல் ஏன் மறுபடியும் கசிகிறது?

பழைய ஜீப்பின் பின்சக்கர டயரில், உள்பக்கச் சுவரில் கறுப்பாக எண்ணெய் வழிந்த தடம் இருந்தால் பட்டறையில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஆயில் சீல் போயிருச்சு சார், மாத்திரலாம்." மாற்றியும் விடுவார்கள். சீலின் விலை சில நூறு ரூபாய். கழற்றிப் பூட்டும் கூலி அதைவிடப் பல மடங்கு. சில மாதம் கழித்து அதே இடத்தில் அதே தடம். இந்த முறை பழி "டூப்ளிகேட் சீல்" மேல் விழும். மூன்றாம் முறை வண்டி மேலேயே விழும்: "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்."

அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஆக்ஸில் சீல் தானாகக் கெடுவது அபூர்வம். பக்கத்தில் உள்ள வேறொன்று கெட்டு, அது சீலைக் கெடுக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மாட்டும் புதுச் சீல் முந்தையதைவிட அதிக நாள் உழைக்கக் காரணமே இல்லை.

நம் ஊரில் நால்சக்கர இயக்க வண்டி என்றாலே வில்லிஸ் வழி வந்த ஜீப்தான் கண்முன் நிற்கும். மஹிந்திரா 1940களின் இறுதியில் வெளிநாட்டுப் பாகங்களை வரவழைத்துப் பூட்டத் தொடங்கிய அந்த வடிவம், எம்எம்540, கமாண்டர், மேஜர் என்று பெயர் மாறிப் பல பத்தாண்டுகள் ஓடியது. ஜபல்பூர் ராணுவ வாகன ஆலையில் 1969 முதல் நிசான் பேட்ரோல் வடிவில் ஜோங்கா வந்தது. ராணுவம் கழித்துவிட்ட ஜோங்காக்கள் ஏலத்தில் தனியார் கைக்குப் போயின. டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்பூ உச்சிக்குப் பயணிகளை ஏற்றிப் போனவை 1950களின் லேண்ட் ரோவர்கள். தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்குக் கேரளத்துச் சூரியநெல்லி வழியாக ஏறுபவை இன்றும் ஜீப்புகள்தாம். இவை எல்லாவற்றிலும் முன்னும் பின்னும் கனமான இரும்புக் குழாய் ஆக்ஸில். நடுவில் கிரௌன் எனும் பல்சக்கரத் தொகுதி, இரு முனையிலும் சக்கரம். கிரௌன் ஆயில் சக்கரப் பக்கம் வராமல் தடுப்பதுதான் இங்கே பேசப்படும் சீலின் வேலை.

அந்தச் சீலை வெட்டிப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. தகட்டு வளையம், அதில் ஒட்டிய ரப்பர் உதடு, உதட்டை ஷாஃப்டின் மேல் இறுக்கிப் பிடிக்கும் மெல்லிய சுருள் ஸ்பிரிங். ஆனால் உதட்டின் இரு சரிவுகளும் ஒரே கோணத்தில் இருக்காது. எண்ணெய்ப் பக்கம் செங்குத்தாகவும் காற்றுப் பக்கம் சாய்வாகவும் இருக்கும். ஷாஃப்ட் சுற்றும்போது உதட்டுக்கு அடியில் மைக்ரான் கணக்கில் ஒரு எண்ணெய்ப் படலம் உருவாகிறது. இந்தக் கோண வித்தியாசத்தால் அந்தப் படலம் வெளியே வராமல் உள்நோக்கியே தள்ளப்படுகிறது. நல்ல சீல் வெறும் அடைப்பான் அல்ல, மிகச் சிறிய பம்ப். தலைகீழாக மாட்டினால் அதே பம்ப் எண்ணெயை வெளியே இறைக்கும். ஸ்பிரிங் தெரிகிற பக்கம் எண்ணெயைப் பார்க்க வேண்டும் என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வதன் காரணம் இதுதான்.

வேகம்தான் சீலைத் தின்கிறது என்று பலர் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 6.00-16 டயரின் விட்டம் சுமார் 72 சென்டிமீட்டர். வண்டி மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடினால் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 440 சுற்று சுற்றும். ஷாஃப்ட் 35 மில்லிமீட்டர் தடிமன் என்றால், உதட்டுக்கு அடியில் இரும்பு நகரும் வேகம் வினாடிக்கு ஒரு மீட்டர்கூட இல்லை. சாதாரண நைட்ரைல் ரப்பர் சீல் வினாடிக்குப் பத்து மீட்டருக்கு மேலும் தாங்கும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் நுழையும் இடத்திலுள்ள பினியன் சீலின் நிலைமை வேறு. சிஜே-3பி ஜீப்பின் கிரௌன் விகிதம் 5.38. ஆகவே சக்கரம் 440 சுற்றும்போது பினியன் 2,300-க்கு மேல் சுற்றுகிறது. பினியன் சீல் தேய்ந்தே சாகலாம். சக்கரப் பக்கத்துச் சீலைக் கொல்பவை தூசி, ஆட்டம், அழுத்தம் ஆகியவையே.

முதலில் அழுத்தம், ஏனென்றால் செலவே இல்லாமல் சரிசெய்யக்கூடியது அதுதான். ஆக்ஸில் ஹவுசிங்கின் மேலே விரல்நுனி அளவில், காற்று போய்வர ஒரு பிரீதர் இருக்கும். மேலே சேறு அப்பி, அதன்மேல் யாரோ பெயின்ட்டும் அடித்திருப்பார்கள். அது இருப்பதே பல உரிமையாளர்களுக்குத் தெரியாது. மலை ஏறும்போது கிரௌன் ஆயில் சூடாகிறது. உள்ளே இருக்கும் காற்று 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போனால், வெளியேற வழி இல்லாத நிலையில், அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். அதாவது சுமார் 0.2 பார். சாதாரண ஆயில் சீல் தாங்கும்படி செய்யப்படுவதே அரை பாருக்குள்தான். அதுவும் நல்ல நிலையில் இருக்கும் சீலுக்கு. பழைய சீலில் எண்ணெய் பலவீனமான முனையைத் தேடி வெளியே வரும்.

திரும்பும் பயணத்தில் இன்னொரு கூத்து. சூடான ஹவுசிங்கோடு வண்டி ஓடையில் இறங்குகிறது. உள்ளே காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்குகிறது. பிரீதர் அடைத்திருந்தால் காற்றுக்குப் பதில் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். டிரெய்ன் பிளக்கைத் திறந்தால் எண்ணெய் பாலும் டீத்தூளும் கலந்த நிறத்தில் வருவது இதனால்தான். பிரீதரைக் கழற்றி டீசலில் ஊறவைத்து ஊதி மாட்டினால் போதும். ஓடை கடக்கும் வண்டியானால் ஒரு ரப்பர் ஹோஸை அதில் மாட்டி சேசிஸ் மேல் உயரமாகக் கட்டிவிடலாம். பிரீதரைத் தொடாமல் சீல் மாற்றும் பட்டறையில் அந்த வேலைக்குக் காசு கொடுக்க எனக்கு மனம் வராது.

எண்ணெய் அளவிலும் இதே போன்ற அலட்சியம் உண்டு. ஃபில்லர் துளையின் கீழ் விளிம்பு வரை எண்ணெய் இருந்தால் போதும். வண்டியைச் சரிவில் நிறுத்திக்கொண்டு துளை வழியும் வரை ஊற்றினால், சமதளத்துக்கு வந்ததும் குழாய்களுக்குள் எண்ணெய் ஏறி நிற்கும்.

அடுத்தது ஆட்டம். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் தெரியும். பேரிங் தேய்ந்திருந்தால் ஷாஃப்ட் மையத்தை விட்டு விலகிச் சுழலும். கால் மில்லிமீட்டர் விலகல் வரை ரப்பர் உதடு ஷாஃப்டைத் தொடர்ந்து போகும். அதற்கு மேல் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் இடைவெளி விடும். எந்தக் கம்பெனிச் சீலானாலும் இதுதான் கதி. அதனால்தான் பேரிங்கைச் சோதிக்காமல் சீலை மட்டும் மாற்றுவது வீண். அதிகச் சுமை ஏற்றி ஏற்றி ஹவுசிங் குழாயே லேசாக வளைந்த வண்டிகளும் உண்டு. அவற்றில் பேரிங்கும் புதிது, சீலும் புதிது, ஆனாலும் கசியும். லேத்காரரிடம் ஹவுசிங்கை ஏற்றி மையம் பார்க்காமல் இதற்கு விடிவில்லை.

மூன்றாவது, ஷாஃப்டில் விழும் தடம். ரப்பர் மென்மையானது, இரும்பு கெட்டியானது. எனவே ரப்பர்தானே தேய வேண்டும்? நடப்பது வேறு. உதட்டின் அடியில் மணல்துகள் சிக்கிக்கொண்டால் ரப்பர் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, எமரித் தாள் போல இரும்பைச் சுரண்டும். வருடக் கணக்கில் ஓடிய ஷாஃப்டில், சீல் உட்காரும் இடத்தில் பளபளப்பான வளையம் ஒன்று தெரியும். கண்ணை நம்ப வேண்டாம். நகத்தை அதன் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்கினால் அங்கே புதுச் சீல் நிற்காது.

இதற்கு மூன்று வழிகள். முதலாவது, புதுச் சீலை ஓரிரு மில்லிமீட்டர் முன்னோ பின்னோ தள்ளி உட்காரவைத்து, உதடு தேயாத இடத்தில் படும்படி செய்வது. இடம் இருந்தால் இதைவிட மலிவான வைத்தியம் கிடையாது. இரண்டாவது, மெல்லிய எஃகு ஸ்லீவ். எஸ்கேஎஃப் விற்கும் ஸ்பீடி ஸ்லீவ் போன்றவற்றின் தடிமன் 0.28 மில்லிமீட்டர்தான்; ஷாஃப்டின் மேல் ஏற்றியபின் அதே அளவுச் சீலையே பயன்படுத்தலாம். மூன்றாவது நம்மூர் வழி: ஷாஃப்டில் வெல்டிங் ஏற்றி லேத்தில் கடைந்து பழைய அளவுக்குக் கொண்டுவருவது. செய்வதற்குச் சுலபம், ஆனால் வெல்டிங் சூட்டில் ஷாஃப்டின் பதம் போய்விடும், சில நேரம் லேசாக வளையவும் செய்யும். எடையும் முறுக்கும் ஒரே ஷாஃப்டில் விழும் வண்டிகளில் இது ஆபத்து என்றே நினைக்கிறேன். மலைச்சாலையில் ஷாஃப்ட் முறிந்தால் சக்கரமே தனியாகப் போகும்.

இங்கே ஆக்ஸில் வகைகளைப் பிரித்துப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சீலை எட்டிப் பிடிக்கும் வழி வண்டிக்கு வண்டி மாறும். பல லேண்ட் ரோவர்களின் பின் ஆக்ஸில் முழு மிதவை வகை. வண்டியின் எடையை ஹப்பில் உள்ள இரண்டு டேப்பர் பேரிங்குகள் தாங்கும்; ஷாஃப்ட் முறுக்கை மட்டும் கடத்தும். ஃபிளாஞ்சு போல்ட்டுகளைக் கழற்றி, சக்கரம் தரையில் நிற்கும்போதே ஷாஃப்டை உருவிவிடலாம். சீலின் உதடு ஓடும் இடத்தில் தனி வளையம் ஒன்றை அழுத்திப் பொருத்தியிருப்பார்கள். தடம் விழுந்தால் வளையத்தை மட்டும் மாற்றினால் போதும். இந்தத் தேய்மானம் வரத்தான் செய்யும் என்று முன்கூட்டியே யோசித்தவர்களின் வேலை அது. பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பிலும் பின் ஆக்ஸில் முழு மிதவைதான். போர் முடிந்து பொதுமக்களுக்கு வந்த ஜீப்புகளில் அது, எடையையும் ஷாஃப்டே தாங்கும் அரை மிதவையாக மாறியது. ஷாஃப்டின் வெளிமுனை கூம்பாகச் சரிந்திருக்கும். அதில் ஒரு கீ, அதன்மேல் ஹப், நடுவில் ஒரு பெரிய நட்டு. பல வருடம் இறுகிய ஹப் சுலபத்தில் வராது. வீல் போல்ட்டுகளைப் பிடிக்கும் கனமான புல்லர் வேண்டும். புல்லர் இல்லாத பட்டறையில் ஷாஃப்ட் முனையிலேயே சம்மட்டியால் போடுவார்கள். அந்த அடி நேராக உள்ளே போய் பேரிங்கிலும், நடுவில் இரு ஷாஃப்ட் முனைகளுக்கும் இடையே உள்ள தடுப்புக் கட்டையிலும் இறங்கும். கேஸ் வெல்டிங் தீயைக் காட்டுவது இன்னொரு பழக்கம். ஹப் வரும், கூடவே கிரீஸும் சீலும் வெந்து வரும். இடப்பக்கச் சக்கர நட்டுகள் வில்லிஸில் எதிர் மரை என்பதை மறந்து, வீல் ஸ்பேனரின் மேல் ஏறிக் குதித்து போல்ட்டை முறித்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

இந்த வகையில் ஒரு பக்கத்துக்கு இரண்டு சீல்கள். உள்சீல் கிரௌன் ஆயிலைக் குழாய்க்குள் நிறுத்துகிறது. வெளிச்சீல் தூசியையும் நீரையும் தடுத்து, பேரிங் கிரீஸைக் காக்கிறது. உள்சீல் போனால் முதலில் வெளியே ஒன்றும் தெரியாது. ஆயில் பேரிங்குக்கு வந்து கிரீஸைக் கழுவிக் கரைத்து, பிறகுதான் டிரம்முக்குள் எட்டிப் பார்க்கும். சிலர் உள்சீலையே போடாமல் விட்டு, பேரிங்கை ஆயிலில் குளிக்க வைப்பது நல்லது என்று வாதிடுகிறார்கள். பேரிங்குக்கு அது நல்லதாகவே இருக்கலாம். ஆனால் தூசி தடுக்க வைத்த வெளிச்சீல் தனியாக ஆயிலையும் தடுக்க வேண்டிவரும். அது தோற்றால் அடுத்தபடி பிரேக் லைனிங்தான். மலையில் ஓடும் வண்டிக்கு இந்த வாதம் எடுபடாது. பேக்கிங் பிளேட்டுக்குப் பின்னால் உள்ள ஷிம் எனும் மெல்லிய தகடுகளையும் எண்ணி, பக்கம் மாறாமல், அதே வரிசையில் திருப்பிப் போட வேண்டும். ஷாஃப்டின் முன்பின் ஆட்டத்தை நிர்ணயிப்பவை அவைதாம். பழைய ஜீப்பை வாங்கிப் பிரித்தால் ஷிம்மே இல்லாமல் இருப்பது சகஜம்.

டொயோட்டா ஹைலக்ஸின் பின் ஆக்ஸிலில் பேரிங் ஷாஃப்ட் மேல் அழுத்தி ஏற்றப்பட்டு, பின்னால் ஒரு பூட்டு வளையமும் இருக்கும். வளையத்தை உளியால் பிளந்துதான் எடுக்க முடியும். மறுபடி போடக் கூடாது, புதிது வேண்டும். பழைய லேண்ட் குரூசரில் ஷாஃப்டின் உள்முனையை 'சி' வடிவக் கிளிப் ஒன்று பிடித்திருக்கும். சக்கரப் பக்கத்துச் சீலுக்காக நடுவிலுள்ள கிரௌன் மூடியைத் திறந்தாக வேண்டும். வேலை நீளும் என்று முதலிலேயே தெரிந்தால் கூலித் தகராறு குறையும்.

முன் ஆக்ஸில் தனிக் கதை. அங்கே சக்கரம் திரும்பவும் வேண்டும், சுற்றவும் வேண்டும். லேண்ட் குரூசர் போன்றவற்றில் ஷாஃப்டின் மூட்டு ஒரு உருண்டையான நக்கிளுக்குள் கிரீஸில் கிடக்கும். குழாய் முனையில் உள்ள சீல் கிரௌன் ஆயிலை நக்கிளுக்குள் விடாமல் தடுக்கும்; உருண்டையின் வெளியே கம்பளித் துணியும் ரப்பரும் சேர்ந்த துடைப்புச் சீல் தூசியைத் துடைக்கும். குழாய்ச் சீல் போனால் ஆயில் நக்கிளுக்குள் புகுந்து கிரீஸைக் கரைத்துக் குழம்பாக்கிவிடும். அந்தக் கரைசல் துடைப்புச் சீலைத் தாண்டி உருண்டையின் மேல் வழியும். அதைப் பார்த்துவிட்டுத் துடைப்புச் சீலை மட்டும் மாற்றுவது வெகு சாதாரணமாக நடக்கிறது. உள்ளே குழம்பு அப்படியே கிடக்க, வெளியே புதுத் துணி. முறையாகச் செய்வதானால் நக்கிளை முழுக்கப் பிரித்து, கழுவி, மாலிப்டினம் கலந்த கிரீஸை நிரப்பி, கிங் பின் பேரிங்கின் இறுக்கத்தை ஸ்பிரிங் தராசு மாட்டி இழுத்துப் பார்த்து ஷிம் போட வேண்டும். ஒரு நாள் முழுக்கப் பிடிக்கும் வேலை. பல பட்டறைகள் தராசை எடுப்பதே இல்லை. "கை சொல்லும் சார்" என்பார்கள். சில கைகள் உண்மையிலேயே சொல்லும்.

சீலின் பொருள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலத்தில் இவை தோலால் ஆனவை. ஜெர்மனியின் வைன்ஹைம் நகரத்து ஃப்ராய்டன்பெர்க், 1849-இல் தொடங்கிய தோல் பதனிடும் நிறுவனம். 1930களில் வால்ட்டர் சிம்மர் என்ற பொறியாளரின் வளையச் சீல் வழியாக அது தோலிலிருந்து ரப்பருக்கு நகர்ந்தது. இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் நைட்ரைல். விலை கூடிய பழுப்பு நிற விட்டான் வகை 200 டிகிரி வரை தாங்கும்; ஆனால் ஆக்ஸில் முனை அந்தச் சூட்டைப் பார்ப்பதே இல்லை. விட்டானுக்குக் கொடுக்கும் பணத்தைப் பேரிங்கில் போடுவது புத்திசாலித்தனம். சிலிக்கான் சீல் மட்டும் வேண்டாம். ஹைப்பாய்ட் கிரௌனுக்கு ஊற்றும் ஜிஎல்-5 ஆயிலில் உள்ள கந்தகச் சேர்மானம் அதற்கு ஆகாது.

பொருளைவிடத் தொல்லை தருவது அளவு. சீலின் முகத்தில் 35-52-8 என்பது போல மூன்று எண்கள் இருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டரில். வில்லிஸ் வழி வண்டியோ அங்குலத்தில் பிறந்தது. இரண்டு அங்குலத் துளை என்றால் 50.8 மில்லிமீட்டர். கடைக்காரர் 50 எடுத்துக் கொடுத்தால் அது லொடலொடவென்று ஆடும். 52 கொடுத்தால் சம்மட்டியால் அடித்து உள்ளே இறக்குவார்கள், தகடு நெளியும். சீலைச் சுற்றி டேப் ஒட்டியோ பேஸ்ட்டை அப்பியோ மாட்டிய 50 மில்லிமீட்டர் சீல் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். பழைய சீலைக் கையில் கொண்டுபோவதைவிட, துளையையும் ஷாஃப்டையும் வெர்னியரில் அளந்து எழுதிக்கொண்டு போவது மேல். பழையதே தப்பான அளவாக இருக்கலாம்.

மாட்டுவதில் சொல்ல வேண்டியவை சில. துளையைத் துடைத்து, உளி பட்ட பிசிறுகளை எமரியால் எடுங்கள். சீலின் வெளிவளையத்தில் பேஸ்ட் பூசுவதானால் மிக மெல்லியதாகப் போதும். இரட்டை உதடு இருந்தால் இரண்டுக்கும் நடுவே கிரீஸ் வைக்க வேண்டும்; காய்ந்த உதடு முதல் கிலோமீட்டரிலேயே கருகும். சீலை அதே வெளிவிட்டமுள்ள குழாய்த் துண்டை வைத்து, நேராக, சுற்றிலும் சமமாக இறக்க வேண்டும். கடைசியாக ஷாஃப்ட். இங்கேதான் அநேகச் சீல்கள் ஓடும் முன்பே சாகின்றன. நீளமான, கனமான ஷாஃப்டை உள்ளே தள்ளும்போது அதன் எடை முழுவதும் உதட்டின் மேல் சாயும். முனையிலுள்ள பற்கள் ரப்பரைக் கிழிக்கும். பற்களின் மேல் டேப் சுற்றி, ஒருவர் வெளிமுனையைத் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் உள்ளே செலுத்த வேண்டும். இது இரண்டு பேர் வேலை. ஒருவராகச் செய்பவரிடம் கொடுக்காதீர்கள்.

குறுக்கு வழிகளும் உண்டு. கசிவு நிறுத்தும் மருந்து என்று புட்டியில் விற்கப்படுபவை ரப்பரைச் சற்று உப்பச் செய்கின்றன. இறுகிப்போன பழைய உதட்டில் சில வாரம் பலன் தெரியும். ஷாஃப்டின் தடத்துக்கும் பேரிங் ஆட்டத்துக்கும் அவற்றால் ஒன்றும் ஆகாது. 90-க்குப் பதில் 140 நம்பர் ஆயில் ஊற்றுவது ஊருக்குப் போய்ச் சேரும் வரை உதவும். குளிர்ந்த விடியலில் உதகைப் பக்கம் அந்த ஆயில் கெட்டியாகக் கிடக்கும், பற்களுக்கு நேரத்தில் போய்ச் சேராது.

இவ்வளவுக்கும் முன்னால், வழிவது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். விரலில் தொட்டு முகர்ந்தால் கந்தக வாடையோடு கெட்டியாக வழுக்கினால் கியர் ஆயில். தண்ணீர் ஊற்றியதும் கரைந்து போய், பட்ட இடத்துப் பெயின்ட்டை உரித்தால் பிரேக் ஆயில். அப்போது குற்றவாளி சீல் அல்ல, வீல் சிலிண்டர். கியர் ஆயில்தான் என்றால் டிரம்மைக் கழற்றி லைனிங்கைப் பாருங்கள். ஆயில் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, தீயில் வாட்டி மறுபடி மாட்டும் வழக்கம் நம் பட்டறைகளில் இன்னும் ஒழியவில்லை. மேற்பரப்பு காய்ந்தது போலத் தெரியும். இறக்கத்தில் டிரம் சூடானதும் உள்ளே ஊறிய எண்ணெய் மேலே வரும், அந்தப் பக்கப் பிரேக் பிடிக்காது, வண்டி மறுபக்கம் இழுக்கும். லைனிங்கை மாற்றியே ஆக வேண்டும், அதுவும் இரு பக்கமும் சேர்த்து.

எனவே எல்லாக் கசிவும் ஒரே அவசரம் அல்ல. பினியன் சீலில் எண்ணெய் லேசாக வியர்த்து, தூசி ஒட்டிக் கறுத்திருந்தால், கிரௌன் ஆயில் அளவை மாதம் ஒருமுறை பார்த்துக்கொண்டு அடுத்த சர்வீஸ் வரை ஓட்டலாம். சக்கரப் பக்கத்தில் ஈரம் தெரிந்தால் அன்றே டிரம்மைக் கழற்றுங்கள். லைனிங் காய்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்கும் வரை அந்த வண்டியோடு மலை இறங்காதீர்கள்.